இத்தா வீட்டிலிருந்து வந்த சென்ட் பாட்டில்

நவம்பர் 14, வெள்ளி

காலையிலயே மேகம். மழை இல்ல. கொண்டல் காத்து. முழங்கால் வலி.

செய்ய வேண்டியது: தைலம். மைமூனுக்கு பிரஷர் மாத்திரை. கொல்லைக் குழாய்க்கு வாஷர்.

ஒண்ணும் செய்யல. சம்மந்தி வந்தாக, மருமகளோட உம்மா.

மகன் சாதிக்கோட பெட்டி வந்து எட்டு நாளாச்சு. துபாய்ல அவன்கூட ரூம்ல இருந்தவர் லீவுல வந்தப்ப கொண்டாந்தது. நேரா மருமக வீட்டுக்குத்தான் போச்சு. இந்தக் கீழக்கரையில அதான் முறை. கல்யாணம் முடிஞ்சா மாப்பிள்ள பொண்ணு வீட்டோட. அவன் சட்டை, செருப்பு, போன் எல்லாம் அங்கன. உடம்பு துபாய் மண்ணுல. எங்களுக்குன்னு ஒண்ணும் இல்ல. நான் கேக்கவும் இல்ல.

சம்மந்தி முந்தானைக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்தத எடுத்து மைமூன் கையில வச்சாக.

"பெட்டியில இருந்துச்சு. சென்ட். வீட்டுல இத்தா இருக்குற பொண்ணு. புருசன் மவுத்துக்கு நாலு மாசம் பத்து நாள் பூ ஆகாது, வாசனை ஆகாது. பாட்டில் வீட்டுல இருந்தாலே நாலு பேர் நாலு விதமாப் பேசுவாக. நீங்க வச்சுக்கங்க."

மைமூன்: "கீழ ஊத்திர வேண்டியதுதான சம்மந்தி."

"மனசு வரல. கொண்டாந்தவர் சொன்னாரு, இதப் பூசாம மாப்பிள்ள ஒரு நாளும் வெளிய எறங்க மாட்டாராம்."

மைமூன் அழுதா, பெத்தவ. நான் குழாயப் பாக்கப் போறேன்னு கொல்லைக்குப் போயிட்டேன்.

நாளையோட ரெண்டு மாசம். தூக்கத்துலயே போயிட்டான். முப்பத்தி நாலு வயசு.

பாட்டில்: சதுரம். மரத்துல மூடி. உள்ள வெளிறுன பச்சை. முக்கால் இருக்கு. கால்வாசி அவன் பூசுனது.


நவம்பர் 15, சனி

ராத்திரி தூறல் போல. தரை ஈரம்.

மைமூன் மார்க்கெட் போனதும் பூசிப் பாத்தேன். அமுக்குனா புஸ்ஸுன்னு அடிக்குது. மொதல்ல கண்ணாடியில பட்டுச்சு. ரெண்டாவது தடவ கை மணிக்கட்டுல.

எலுமிச்சை. பழம் இல்ல, தோல். நகத்தால கீறுனா மூக்கக் குத்துமே அது. தும்மல் வந்துச்சு. கால் மணி நேரம் கழிச்சு எலுமிச்சை போயிருச்சு. அப்புறம் மரம். தோணிப் பட்டறையில இழைப்புளி போட்ட தூள் மாதிரி. பென்சில் சீவுனது மாதிரி. ஆள் இல்லாத வீட்டுல புது அலமாரியத் திறந்தது மாதிரி.

எனக்கு ஆகல. தலைக்குள்ள குளுந்த தண்ணிய ஊத்துனாப்ல இருக்கு. வாசம்னா மஜ்மூவா அத்தர் மாதிரி இருக்கணும். கெட்டியா, இனிப்பா, சட்டை துவைச்சாலும் போகாம.

மைமூன் வாசல்லயே கண்டுபிடிச்சுட்டா. "என்ன நாத்தம் இது? ஆஸ்பத்திரிக்கா போயிட்டு வந்தீக?"

மணிக்கட்ட முதுகுக்குப் பின்னால கொண்டு போயிட்டேன்.

இந்த வாசத்த முன்னாடி ஒரே ஒரு தடவ மோந்திருக்கேன். எட்டு வருசம் முன்னால. அத எழுத இன்னைக்கு முடியல.

(ஜவுளிக் கடையில குடுத்த டைரி. பள்ளிக்கூடம் போனவன் இல்ல நான். கருவாட்டு மூடை மேல ஊர்ப் பேர் எழுதி எழுதி வந்த எழுத்து. திருச்சி, தேனி, கம்பம். அதனால பெருசு பெருசா வருது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம் பத்தல. நாளைய பக்கத்துல எழுதுறேன்.)


நவம்பர் 18, செவ்வாய்

வெயில். கடல் தட்டை. வாஷர் மாத்தியாச்சு. திரும்பவும் ஒழுகுது.

நாலு நாளா தெனமும் ஒரு அடி. ஒரு நாள் கழுத்துல. ஒரு நாள் சட்டைக் காலர்ல. ஒரு நாள் கைக்குட்டையில அடிச்சு மூக்குல வச்சுப் படுத்தேன். பிடிக்கல.

பிடிக்க வைக்கணும்னுதான் பூசுறேன். அவனுக்குத் தெனமும் பிடிச்சது எனக்கு ஏன் பிடிக்கக் கூடாது. காபி கூட எனக்கு மொதல்ல பிடிக்காது. மண்டபம் ஊர்ல லாரி ஏத்துற எடத்துல வேற கிடைக்காம குடிச்சுக் குடிச்சுப் பழகுச்சு.

இது பழக மாட்டேங்குது. பூசுன ஒடனே, எங்கயோ ஒரு ஆபீஸ்ல யாரோ ஒரு ஆள் எனக்கு முதுகு காட்டி நிக்கிற மாதிரி இருக்கு. என் மகன் இல்ல.

மைமூன் சோறு போடும்போது: "அந்த எழவ ஏன் பூசித் தீக்குறீக?"

"ஒனக்கென்ன?"

"எனக்கென்னவா? நான்தான பெத்தேன்."

தட்டுல கெண்டை மீன் அப்படியே கெடந்துச்சு.


நவம்பர் 21, வெள்ளி

மழை. நல்ல மழை. ஊருணி பாதி நெறஞ்சிருக்கும்.

இன்னைக்கு அதப் பூசிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போனேன். போகாம இருந்திருக்கலாம்.

மொத வரிசை. பக்கத்துல செருப்புக்கடை இபுராஹிம். மூக்க உறிஞ்சுனாரு. "என்ன காக்கா, மாப்பிள்ள கணக்கா மணக்குறீக? இன்னொரு நிக்காஹ் ஏதும் பேசி வச்சிருக்கீகளா?" ரெண்டு பேர் சிரிச்சாக. நானும் சிரிச்சேன்.

அப்புறம் மெதுவா: "இது பாட்டில் சென்ட்டா? சாராயம் கலந்துருப்பான் காக்கா. இதோட தொழுகை கூடாது." சொல்லிட்டு ஒரு சாண் தள்ளி உக்காந்தாரு. கெட்ட மனுசன் இல்ல. பயம்.

பள்ளிவாசல் அசரத்துகிட்ட போய்க் கேட்டேன். "கூடும்னு சொல்ற ஆலிம்களும் இருக்காங்க, கூடாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. மனசுக்குச் சந்தேகமா இருந்தா கழுவிட்டு வந்துருங்க"ன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு.

ஒளுச் செய்யுற ஹவுள் தொட்டித் தண்ணியில கழுத்தக் கழுவுனேன். எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாக. காது மடல் பொசுங்குன மாதிரி சூடு. எழுபத்தி மூணு வயசுல.

கழுவக் கழுவத்தான் அந்த நாள் அப்படியே வந்து நின்னுச்சு.

எழுதிர்றேன்.

சாதிக் மொத லீவு. கல்யாணத்துக்கு முந்தி. ஏர்போர்ட்ல இருந்து வந்து குளிச்சு, நீலக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை, முழுக்கையை முழங்கை வரை மடிச்சு விட்டு, தலையைப் பின்னால சீவி, கூடத்துக்கு வாறான். கூடத்துல ஆட்கள். நான், கமிசன் கடை மொதலாளி, அத்தர் கடை காதர், இன்னும் ரெண்டு பேர். மேசையில பேரீச்சம்பழத் தட்டு. அவன் நேரா என்கிட்ட வந்து, "அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா"ன்னு கட்டிப் பிடிச்சான். இந்த வாசம்.

நான் அவனத் தள்ளி நிறுத்தி, "ஏலே, என்னடா கக்கூஸ் கழுவுற மருந்தப் பூசிட்டு வந்திருக்க?"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாக. மொதலாளிக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துருச்சு. சாதிக்கும் சிரிச்சான். கொல்லைக்குப் போனான். தண்ணி மொள்ளுற சத்தம் கேட்டுச்சு. கழுத்து நனைஞ்சு, சட்டைக் காலர் ஈரமா, திரும்பி வந்தான். நான் என் அத்தர் சீசாவத் திறந்து அவன் மணிக்கட்டுல தேச்சு விட்டேன். "இதுடா வாசம்." "சரி வாப்பா."

அதுக்கப்புறம் மூணு லீவுக்கு வந்திருக்கான். மூணு தடவையும் அத்தர்தான்.

எட்டு வருசமா அந்த ஊர்ல அதே சென்ட்ட மாத்தாம வாங்கியிருக்கான். எனக்கு முன்னால மட்டும் பூசல.


நவம்பர் 25, செவ்வாய்

வெயில். துணி காயுது.

அத்தர் கடை காதர்ட்ட மணிக்கட்ட நீட்டுனேன். காலையில பூசுனது. மோந்து பாத்துட்டுச் சொன்னான்: "சரக்கு நல்ல சரக்கு. ஒனக்குச் சேராது."

"அவனுக்குச் சேந்துச்சா?"

"தோலுக்குத் தோல் மாறும்டா. ஒரே சீசாவ பத்துப் பேருக்குத் தேச்சு விட்டா பத்து வாசம் வரும். நீ மோக்குறது ஒன் தோலு. அவன் தோலுல எப்படி இருந்துச்சோ."

"இப்ப எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

சீசா மூடியத் திருகிக்கிட்டே இருந்தான். அப்புறம் டீ சொன்னான்.

அன்னைக்குச் சிரிச்சதுல இவனும் ஒருத்தன். ஞாபகம் இருக்கான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. இருக்காது. எனக்குத்தான் எதுவும் அழிய மாட்டேங்குது.


டிசம்பர் 5, வெள்ளி

நாலு நாள் புயல் மழை. கரண்ட் போயி வந்துச்சு. கொல்லைச் சுவர்ல பாசி.

மருமக நஸ்ரின் மைமூனுக்குப் போன் பண்ணியிருக்கு. குரல் கம்மி. ஸ்பீக்கர்ல போட்டா இவ.

"மாமி, அந்த சென்ட்ட மாமா பத்திரமா வச்சிருக்காகளா?"

"இருக்கும்மா."

"இத்தா முடிஞ்சதும் எனக்கு வேணும். உம்மாட்ட சொல்லிராதீக. கொட்டிருவாக."

"சரிம்மா, சாப்பிட்டியா?"

போன வச்சிருச்சு.

மைமூன் ஜன்னல் மேலருந்து பாட்டில எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா. பாதிக்கும் கீழ.

"பாவி மனுசா. அந்தப் புள்ளைக்கு அவன்னு இருக்குறது இதுதான. இதையும் பூசித் தீத்துப்புட்டீகளே."

அவ சொன்னது சரி. புருசன் வாசத்தத் தேடுது அந்தப் புள்ள. அஞ்சு வருசக் கல்யாணத்துல அவன் வீட்டுல இருந்தது மொத்தமா ஏழு மாசம். அதுக்கு ஞாபகம் வச்சுக்க என்ன இருக்கு.

பேனாவால பாட்டில்ல ஒரு கோடு போட்டேன். இதுக்குக் கீழ எறங்கக் கூடாது. துணியில சுத்தி அரிசி டின்னுக்குப் பின்னால.


டிசம்பர் 20, சனி

பனி. காலையில கடல் தெரியல.

பூசுறத விட்டாச்சு. மூடியத் திறந்து மோக்குறது மட்டும். அதுவும் தப்புதான், ஆவியாப் போகும். மூணு எண்ணுறதுக்குள்ள மூடிர்றேன்.

எலுமிச்சை பத்தி இன்னைக்கு ஒண்ணு. மோக்கும்போது வந்துச்சு. முப்பது வருசம் நான் கருவாட்டுக் குடோன். வீட்டுக்கு வந்ததும் கொல்லைக் கல்லுல உக்காந்து, மைமூன் பிழிஞ்சு போட்ட எலுமிச்சைத் தோல் ரெண்ட எடுத்து, முழங்கை வரை தேப்பேன். அப்புறம்தான் பள்ளிவாசல். அத்தர் பழக்கமும் அதுக்குத்தான். வாடை போகணும்ல.

சாதிக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடத்துல அவன் பேரு கருவாடு. நான் கொண்டு போய் விடுற அன்னைக்குப் பசங்க மூக்கப் பொத்துவானுக. ஒரு நாள் காலையில கொல்லைக்குப் போறேன். நான் தேச்சுப் போட்ட பழைய தோல எடுத்துக் கழுத்துல தேச்சுக்கிட்டு இருக்கான். யூனிபார்ம் போட்டு, பையை மாட்டிக்கிட்டு. என்னப் பாத்ததும் கீழ போட்டுட்டான்.

நான் பாக்காத மாதிரி உள்ள திரும்பிட்டேன்.

அந்தப் பையன் பெரியவனாகி, சம்பாரிச்சு, கடையில போயி நின்னு, எத்தனையோ பாட்டில்ல எலுமிச்சை வாசத்த எடுத்திருக்கான்.

அதப் போயி கக்கூஸ் மருந்துன்னேன். நாலு பேருக்கு முன்னால.


ஜனவரி 9, வெள்ளி

காத்து திரும்பல. முழங்கால் பரவாயில்ல. தைலம் தீந்துச்சு.

ஜும்ஆ. அத்தர். இபுராஹிம் பக்கத்துலயே உக்காந்தாரு.

நஸ்ரினுக்கு இத்தா முடிய இன்னும் பதிமூணு நாள்.

மோந்து பாக்குறதையும் விட்டாச்சு. பிடிக்க வைக்க முடியல. இவ்வளவு தெரிஞ்சும் முடியல. அதான் பெரிய அசிங்கமா இருக்கு. புத்திக்குத் தெரியுது, மூக்குக்குத் தெரிய மாட்டேங்குது. அவன் வந்து கட்டிப் பிடிச்சா இன்னைக்கும் எனக்குத் தும்மல்தான் வரும்.


ஜனவரி 22, வியாழன்

வெயில். ஷஃபான் மாசப் பிறை பாத்தாச்சு. நஸ்ரினுக்கு இத்தா முடிஞ்சுச்சு.

சாயங்காலம் அசர் தொழுதுட்டுப் போனேன். மைமூன் காலையிலயே போய் யாசீன் ஓதிட்டு வந்துட்டா. பாட்டில் சட்டைப் பைக்குள்ள. போற வழியெல்லாம் கைய வச்சுக்கிட்டே போனேன்.

நஸ்ரின் நாலு மாசத்துல பாதியா இருக்கு. வெள்ளைச் சேலைய மாத்தி சாம்பக் கலர். "வாங்க மாமா." சம்மந்தி டீ போட அடுப்படிக்குப் போனதும் எடுத்துக் குடுத்தேன்.

"கொஞ்சம் நான் பூசிட்டேம்மா. மன்னிச்சுக்க."

"அதனால என்ன மாமா."

மூடியத் திறந்துச்சு. உள்ளங்கையில ஒரு அடி. மூக்குகிட்ட கொண்டு போச்சு. நான் மொகத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். அழும்னு நெனச்சேன். அழல. புருவம் சுருங்குச்சு. திரும்ப மோந்துச்சு.

"இதுதானா?"

"என்னம்மா?"

"எனக்குத் தெரியாது மாமா. என்கிட்ட ஒரு நாளும் இதப் பூசிட்டு வரல. வந்தா அத்தர்தான். பெட்டியில பாக்குற வரைக்கும் இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது."

அந்தப் புள்ளைக்குத் தெரியும்னு நெனச்சுத்தான கோடு போட்டு வச்சிருந்தேன்.

கதவப் பாத்துட்டு, குரலக் கொறச்சு: "இத்தாவுல நாலு மாசமா இதத்தான் யோசிச்சேன். அங்க தெனமும் பூசுனாகன்னு அந்த ரூம்காரர் சொன்னாரு. வீட்டுக்கு வாறப்ப மட்டும் ஏன் கொண்டு வரல? என்கிட்ட ஏன் மறைச்சாக? அங்க யாருக்காகப் பூசுனாக, மாமா?"

அந்தக் கேள்விக்கு எழுத்துலன்னா என்னால பதில் சொல்ல முடியுது. வாயில முடியல.

"ஒங்களுக்கு ஏதும் தெரியுமா மாமா?"

அடுப்படியில டம்ளர் சத்தம். சம்மந்தி வாறாக.

"தெரியலம்மா"ன்னேன்.

டீயக் குடிச்சேன். இனிப்பு ஜாஸ்தி. வந்துட்டேன்.


ஜனவரி 23, வெள்ளி

மேகம். கொண்டல் காத்து.

விடியக்காலை சுபுஹ் தொழுகையில இருந்து ஒக்கார முடியல. மண்ணுக்குள்ள இருக்குறவன் மேல சந்தேகத்த அப்படியே நிக்க விட்டுட்டு டீயக் குடிச்சுட்டு வந்திருக்கேன். அவன் மேல இருந்த ஒரே கொற என் வாயில இருந்து வந்தது.

மைமூன்ட்ட மொத தடவையாச் சொன்னேன். எல்லாத்தையும். "அன்னைக்கு நான்தான் அவனுக்குச் செம்புல தண்ணி மொண்டு குடுத்தேன்"ன்னா. அவளுக்கும் ஞாபகம் இருக்கு. "போயிச் சொல்லிட்டு வாங்க. இப்பவே போங்க."

அத்தர் பூசாம ஜும்ஆ. முடிஞ்சதும் நேரா அங்கன.

வாசல்ல சம்மந்தி. "நல்ல நேரத்துல வந்தீக சம்மந்தி. காலையில அந்த சென்ட் பாட்டில இவ கொல்லையில ஒடச்சுப்புட்டா. கேட்டா பேச மாட்டேங்குறா. நீங்க குடுத்தீகளாக்கும்? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

நஸ்ரின் கொல்லை வாசப்படியில உக்காந்திருந்துச்சு. விளக்குமாறு மடியில. கண்ணாடித் துண்ட ஒரு காகிதத்துல ஒதுக்கி வச்சிருந்துச்சு. மரமூடி தனியா.

நின்னுக்கிட்டே சொன்னேன். அந்த லீவு, கூடம், ஆட்கள், நான் சொன்ன அந்த வார்த்தை. மாத்தாமச் சொன்னேன். அவன் கொல்லைக்குப் போயி கழுவுனது. நான் அத்தர் தேச்சு விட்டது. "யாருக்காகவும் மறைக்கலம்மா. எனக்குப் பயந்து. திரும்ப எங்க நான் சிரிச்சுப்புடுவேனோன்னு."

கல்லு ஓரத்துல கெடந்த ஒரு கண்ணாடித் துண்ட எடுத்துக் காகிதத்துல வச்சுச்சு.

"எனக்கு அத்தர் வாசம் ஆகாது மாமா. தலைவலி வரும். அவுகளுக்குப் பிடிக்குதேன்னு அஞ்சு வருசம் சொல்லாமயே இருந்துட்டேன்."

அப்புறம்:

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல மாமா."

எழுந்து உள்ள போயிருச்சு.

துணி துவைக்கிற கல்லு மேல சென்ட் சிந்துனது காஞ்சு போச்சு. ஓரத்துல மட்டும் கொஞ்சம் ஈரம். முழங்கால் மடங்காது, கல்லப் பிடிச்சுக்கிட்டே குனிஞ்சேன். எலுமிச்சை போயிருச்சு. மரம் மட்டும் இருந்துச்சு. கொஞ்சமா.

தும்மல் வரல. நல்லாத்தான் இருந்துச்சு.